இரண்டாவது டம்ளர்

1

இந்தக் கதை எழுதப்படுவதற்குக் காரணம் என் நாத்தனார் கமருன்னிஸா. அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் பெயரைப் போடுகிறேன். என் வலைப்பூவை மூடிவிடச் சொன்னார். சரி, மூடும் முன் கடைசியாக ஒரு பதிவு எழுதிவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். எழுத ஆரம்பித்தால் மூடத் தோன்றவில்லை. ஆகவே இது கடைசிப் பதிவு அல்ல. பாதி படித்துவிட்டு யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் சாஜிதா பேகம். ஊர் கோயம்புத்தூர், கோட்டைமேடு. வலைப்பூவின் பெயர் 'பின்சீட்டுக்காரி'. என் கணவர் பஷீர் கிரைண்டர் ரிப்பேர் செய்பவர். மிக்ஸி என்றால் கடைக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். கல் வைத்த கிரைண்டரை அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஆகவே அவர்தான் வீடு வீடாகப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரின் பின்சீட்டில் நானும் போவேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெல்ட்டை மாற்றி, மோட்டார் ஓடுவதைக் கண்ணால் பார்த்தாலும் கிளம்ப மாட்டார். அரிசியைப் போடச் சொல்வார். முதல் ஆட்டு முழுக்க ஓடி, மாவை விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் பைக்குள் போகும். அதனால் போனிலேயே சொல்லிவிடுவார்: "அரிசி ஊறப்போட்டு வையுங்க, வாரேன்." மாவு அரைபடும் அந்த நேரம் முழுக்க எனக்குச் சொந்தம். அந்த வீட்டுப் பெண்களோடு பேசுவேன், காப்பி குடிப்பேன், மொட்டைமாடி ஏறி ஊரைப் பார்ப்பேன். துடியலூரில் மருமகளும் மாமியாரும் தனித்தனி கிரைண்டர் வைத்திருந்த வீடு, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் சமையலறை, இப்படி. வீட்டுக்கு வந்து எழுதுவேன். அவ்வளவுதான் என் இலக்கியம்.

பஷீர் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். இந்த வாக்கியத்தை வேறு எங்காவது வைக்கலாமா என்று நிறைய யோசித்தேன். எங்கே வைத்தாலும் இதே கனம்தான், இங்கேயே இருக்கட்டும்.

நான் இத்தாவில் இருக்கிறேன்.*

(* தெரியாதவர்களுக்கு: கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது. அலங்காரம் கிடையாது, அவசியமில்லாமல் வாசற்படி தாண்டுவது கிடையாது. "பாவம், அடைத்து வைத்துவிட்டார்களே" என்று எழுத வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். என்னை யாரும் அடைக்கவில்லை. நானாகத்தான் இருக்கிறேன், மனதாரத்தான் இருக்கிறேன். ஆனால் இத்தா எனக்கு. என் எழுத்துக்கு இத்தா உண்டென்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.)

2

எழுதுவதற்கு எதுவுமில்லை என்பதுதான் முதல் பிரச்சினை. பின்சீட்டிலிருந்து எழுதியவளுக்கு முன்சீட்டில் ஆள் இல்லை என்றால், சீட்டே இல்லை. இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, சந்துப் பக்கம் திறக்கும் ஒரு ஜன்னல். சந்தில் எதிர்வீட்டுச் சுவர்.

தொடக்கம் ஒன்று: "எதிர்வீட்டுச் சுவரின் பச்சைப் பெயிண்ட் உரிந்த இடம், பார்க்கப் பார்க்க ஒரு தீவின் வரைபடம் போல

(தாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் தீவு சொல்கிற ஆள் நான் இல்லை.)

தொடக்கம் இரண்டு: "என்னவருக்கு, நீங்கள் இல்லாத இந்த வீட்டில்

(இதைப் பஷீர் படித்தால் சிரித்தே மறுபடி விழுந்துவிடுவார்.)

வாசகர்களைக் கேட்டேன். முன்பே என்னைப் படித்து வந்த சிலருக்கு, வாழ்க்கை மாறிவிட்டது, இனி எதை எழுதலாம் என்று ஒரு வரி அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. ஒருவர் மாடித் தோட்டம் என்றார். ஒருவர் பிரியாணி என்றார், நான் வைக்கும் பிரியாணியைச் சாப்பிட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். தன்னம்பிக்கைக் கட்டுரைகள் எழுதுங்கள், உங்களைப் பார்த்து நாலு பெண்கள் எழுந்து நிற்பார்கள் என்றார் ஒரு அம்மையார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன்.

சென்னையிலிருந்து படித்த மனிதர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். கோட்டைமேட்டில் ஓர் இஸ்லாமிய விதவை, இதைவிட வலுவான களம் உங்களுக்கு வேறு எது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஐயா, இத்தனை வருடம் நான் கிரைண்டரையும், மாவையும், மாமியார்களையும் எழுதினேன். அப்போதும் நான் கோட்டைமேட்டு இஸ்லாமியப் பெண்தான். அப்போது என்னிடம் களம் இல்லையா? புருஷன் செத்தால்தான் எனக்குக் களம் கிடைக்கும் என்றால், அந்தக் களத்தில் நீங்களே விளையாடிக்கொள்ளுங்கள்.

இப்படிப் பதில் எழுதி, அனுப்பியும்விட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

3

பிறகுதான் புனைவு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. நானாக இல்லாத ஒருத்தியை எழுதினால் குடும்பத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது.

அவளுக்கு ஹாரிகா என்று பெயர் வைத்தேன். பீளமேட்டில் வீடு, தெலுங்கு பேசும் குடும்பம். கணவனைச் சாகடிக்க மனம் வரவில்லை, வேலைக்கென்று வெளிநாடு அனுப்பினேன். அவளும் வலைப்பூ எழுதுகிறவள், அவளுக்கும் எழுத எதுவுமில்லை. இதுவரை நன்றாகத்தான் வந்தது.

"ஹாரிகா யோசித்தாள். வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றாது என்று, கரும்பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம்

அங்கே நிறுத்தினேன். அவள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. காற்றில் தலைமுடி பறக்கிறது வேறு. நானே கட்டிவிட்ட சேலையைப் பார்த்து எனக்கே பொறாமை. அவள் கணவன் ராத்திரி வீடியோ காலில் வருவான் என்று அடுத்த பாராவில் எழுத வேண்டியிருந்தது. அதை எழுத என் கை ஓடவில்லை.

ஹாரிகாவைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். எங்கே இறங்கினாளோ தெரியாது. அவளை அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை, அவளுக்குப் பஸ்ஸாவது கிடைத்தது.

4

வழி காட்டியது பஷீரின் போன்.

அவர் போன பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது. என் மகள் இஃப்ரா, காலேஜில் கடைசி வருடம், அணைத்து வைத்துவிடலாம் என்றாள். நான் விடவில்லை. கிரைண்டர் கெட்டுப்போனவர்களுக்கு அவர் போய்விட்டது எப்படித் தெரியும்? நான் எடுப்பேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வரும்.

"பஷீரண்ணா, அரிசி ஊறப்போட்டுட்டேனுங்க. எப்ப வாரீங்க?"

சொல்லுவேன். அப்புறம் அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். அண்ணன் எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னார், இப்படி உட்கார்ந்தார், குழந்தைக்கு ஸ்பேனரைப் பிடிக்கக் கொடுத்தார். சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் மாவு ஓடுகிற நேரத்தில் அவர் கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்கிவிடுவாராம், எனக்குத் தெரியாத செய்தி. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நான் போகாத ஊரையெல்லாம் கேட்டேன். இதை எழுதலாம் என்று தோன்றியது. என் சீட் திரும்பக் கிடைத்ததாகவே தோன்றியது.

ஆனால் இதைக் கதை என்று நான் நம்பவில்லை. நல்ல மனிதர் இறந்தார், ஊர் நாலு நல்ல வார்த்தை சொன்னது. இது அஞ்சலி. கதை என்றால் எதிரே ஒருவர் நின்று இல்லை என்று சொல்ல வேண்டும்.

அந்தக் குறையை என் நாத்தனார் தீர்த்து வைத்தார்.

5

(இந்தப் பகுதியை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கில் அவர் கெட்டவராக வந்தார். கெட்டவராக எழுதுவது சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டு அழித்தேன்.)

கமருன்னிஸா அண்ணி போத்தனூரில் இருக்கிறார். பஷீருக்கு மூத்தவர், தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு வந்திருந்தார். பெண்கள் எல்லோரும் என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ, நீ மறுபடி எழுதுகிறாயா சாஜி, எழுது, மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்கள். நான் ஏதோ யோசித்திருக்கிறேன் என்று வாய் திறந்தேன்.

"என்னத்த எழுதுவா?" என்றார் அண்ணி. "சக்கரை இருக்கறவனுக்கு ஊரு ஊராக் கூட்டிக்கிட்டுப் போயி ஜிலேபி வாங்கிக் குடுத்ததையா? அவிநாசில அந்த பங்காரம்மா ஊட்டுல பாயசத்தை ஒரே மூச்சுல குடிச்சுப்போட்டு டம்ளரைக் கவுத்துக் காட்டுனானாமே, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே. தின்ன வச்சே அனுப்பிப்போட்டயே அம்மணி."

அந்த வலைப்பூவை மூடிவிடு, அதைப் பார்க்கிற போதெல்லாம் என் வயிறு எரிகிறது என்று அவர் அழுதார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைகளைப் பார்த்தேன்.

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. ஒன்று: அண்ணி என் பதிவுகளை வரிக்கு வரி படித்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, போனில் பயான், மார்க்கப் பேச்சு மட்டும்தான் கேட்பேன் என்று சொல்லும் என் அண்ணி. கவிழ்த்த டம்ளர்வரை மனப்பாடம். எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வாசகர் வாய்க்க வேண்டும், இப்படி வாய்க்கவும் கூடாது.

இரண்டு: அந்தப் பாயசத்தைப் பஷீர் குடிக்கவே இல்லை.

6

நடந்தது இது. அவிநாசியில் பங்காரம்மாவின் வீடு, கோயிலுக்குப் பின்தெரு. அன்று அவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம், பருப்புப் பாயசம் வைத்திருந்தார்கள். மாவு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு டம்ளர் வந்தது, குடித்தேன். கோபுரத்தைப் படம் எடுக்கலாம் என்று மொட்டைமாடிக்கு ஏறிப் போனேன். இறங்கி வந்தபோது வேலை முடிந்து, பஷீர் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் நின்றோம். அவருக்குச் சர்க்கரை வந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, டீயில்கூடச் சீனி தொடாத மனிதர். உங்களுக்கும் பாயசம் கொடுத்தார்களா என்று கேட்டேன். வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அப்புறம், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனம்மணி, நீ எழுதறப்ப நான் குடிச்சதா எழுதிப்போட்டா என்ன? எழுத்துலயாச்சும் ஒரு டம்ளர் குடிச்சுக்கறேன்."

எழுதினேன். ஒரே மூச்சில் குடித்ததும், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியதும் நானாகச் சேர்த்தது. அவர் படித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொள்வதுபோலச் செய்து காட்டினார். அன்று முதல் அது எங்கள் விளையாட்டு. என் பதிவுகளில் பஷீர் ஜிலேபி தின்றார், அல்வா தின்றார், பால்பன் தின்றார். நிஜத்தில் வறுத்த கடலை தின்றார். அவர் சாப்பிடாததையெல்லாம் அவருக்கு நான் எழுத்தில் பரிமாறினேன். இதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் எது நன்றாக இருந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது என் சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். "அவர் எதுவும் சாப்பிடவில்லை, எல்லாம் நான் இட்டுக்கட்டியது" என்று ஒரு மறுப்புப் பதிவு போட்டால் குடும்பத்தில் என் பெயர் சுத்தமாகிவிடும். நான் புருஷனைத் தின்ன வைத்துக் கொன்றவள் இல்லை. ஆனால் அந்தப் பதிவு போட்ட நிமிடம், அவர் கையிலிருக்கும் டம்ளரை நான் பிடுங்கிக்கொள்கிறேன். கேட்டு வாங்கிய டம்ளர் அது. இனி அவருக்கு வேறு கிடைக்கவும் போவதில்லை.

மறுப்பு எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

(கவனித்தீர்களா? மேலே மூன்று பாராவில் அந்த மறுப்பைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். அழித்தால் கதை நிற்காது. எழுதுகிறவளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஒரு சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் விடுகிறேன், கீழே வருவதற்காக.)

7

மறுப்பு எழுதமாட்டேன் என்ற என் முடிவு இஃப்ராவுக்குப் பிடிக்கவில்லை. சிக்னலில் நடந்ததை அவளுக்குச் சொல்லியிருந்தேன். அத்தைமார்கள் முன்னால் அம்மா தலை குனிந்து உட்கார்ந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி கஞ்சித் தூக்கோடு வந்தார். கோபம் இருந்தாலும் வெள்ளிக்கிழமைக் கஞ்சியை அவர் நிறுத்தவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்ததும், இஃப்ரா பஷீரின் போனை எடுத்து 'அவிநாசி பங்காரம்மா கிரைண்டர்' என்ற பெயரைத் தேடி அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பங்காரம்மாவுக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. இஃப்ரா சொன்னதும் அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. அந்தக் கிரைண்டர் இன்னும் ஒரு குறையில்லாமல் ஓடுகிறது, அந்த மனுசனுக்கா இப்படி என்றார். கொஞ்சம் அடங்கும்வரை இஃப்ரா காத்திருந்தாள். பிறகு, ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, பதிலை முன்பே தெரிந்தவள்போல நிதானமாகக் கேட்டாள். அத்தா அன்று உங்கள் வீட்டில் பாயசம் குடித்தார்களா?

"குடிச்சாருங்களே கண்ணு," என்றார் பங்காரம்மா. "பேத்திகூட அம்மா எழுதுனதைப் படிச்சுக் காமிச்சா. உங்கம்மா மாடிக்குப் போயிருந்தாங்க. ஒரே மூச்சுல குடிச்சுப்போட்டு டம்ளரைக் கவுத்துக் காமிச்சாரு. அப்புறம் இன்னொண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சாருங்க. ரெண்டு டம்ளர்."

இஃப்ராவின் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. என் முகம் எனக்குத் தெரியாது. அண்ணி கஞ்சித் தூக்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தார்.

"ரெண்டா?" என்றார் மெதுவாக.

"ரெண்டுங்க," என்றது போன்.

அண்ணியின் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன், அழவும் செய்தார், ஆனால் நடுவில் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. "அவனுக்குச் சின்னதுல இருந்தே ஒண்ணு பத்தாது," என்றார். முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியை ஊற்றி என் கையில் கொடுத்தார். வலைப்பூவை மூடு என்றும் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. கஞ்சி ஆறுகிறது, குடி என்று மட்டும் சொன்னார்.

8

இப்போது முடிவு.

முடிவு அ: பஷீர் குடிக்கவில்லை. பங்காரம்மாவுக்குப் பேத்தி படித்துக் காட்டியது நாளாவட்டத்தில் நினைவாகவே மாறிவிட்டது. இதற்கு அத்தாட்சி உண்டு: கவிழ்த்த டம்ளர் என் கற்பனை. நான் எழுதும்வரை அது உலகத்திலேயே இல்லை. அது பங்காரம்மாவின் வாயில் வருகிறது என்றால், அவர் பார்த்தது பஷீரை அல்ல, என் பதிவை.

முடிவு ஆ: பஷீர் குடித்தார். நான் மாடியில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே மாவு ஓடுகிற சத்தத்தில், குடித்துவிட்டுச் சிக்னலில் என்னிடம் பொய் சொன்னார். எழுத்திலாவது குடிக்கிறேன் என்று கேட்டது, வயிற்றில் பாயசத்தை வைத்துக்கொண்டு. இதற்கும் அத்தாட்சி உண்டு. நான் எழுதியது ஒரு டம்ளர். பழைய பதிவைத் திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்றுதான். பங்காரம்மா சொன்ன இரண்டாவது டம்ளர் என் பதிவிலிருந்து வந்திருக்க முடியாது.

ஆ உண்மை என்றால் அண்ணி சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நான் மாடியில் நின்றிருக்கக் கூடாது. அ உண்மை என்றால் நான் குற்றமற்றவள், அவர் ஆசைப்பட்டது கிடைக்காமல் போனவர். என் நலனுக்கு அ நல்லது. ஆனால் எனக்கு ஆ வேண்டும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் குடித்திருக்கட்டும். என்னை ஏமாற்றிவிட்டுக் குடித்திருக்கட்டும்.

எதை எழுதுவது என்று இனி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. பஷீரின் போனில் நூற்றுக்கணக்கான கிரைண்டர்கள் பெயரோடு இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக அழைத்து, நான் மாடியில் இருந்தபோது கீழே என்ன நடந்தது என்று கேட்கப்போகிறேன். வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. இத்தா முடிந்த பிறகும் கேட்பேன்.

அண்ணி, இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமை வரும்போது படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டீர்கள், நானும் கேட்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். முதல் டம்ளரை நான் கொடுத்தேன், அதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதை யார் கொடுத்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பங்காரம்மாவா, அவருடைய ஞாபகமா, வேறு யாராவதா, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொல்லுங்கள்.